அரை என்பது குளியலறை

மொன்றியலில் வீட்டை அறைக்கணக்கில் சொல்வார்கள்.
மூன்றரை, நாலரை, ஐந்தரை.
அரை என்பது குளியலறை.
ஏழரையும் உண்டு;
அது பணக்காரர்களைப் பிடிக்கும், எங்களை அல்ல.

கிலேனுக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு நாற்பத்தேழு.
பதினோரு வருடமாக
அவன் வீட்டில் என் பல் பிரஷ்,
என் வீட்டில் அவன் செருப்பு,
நடுவில் ஆறு மெட்ரோ நிலையம்.
இரண்டு வாடகையும் ஏறிக்கொண்டே போக
ஒருநாள் கூட்டிப் பார்த்தோம்.
காதல் எடுக்காத முடிவைக் கணக்கு எடுத்தது.

ஒரே கட்டடம், ஒரே மாடி,
இன்னும் கட்டி முடியவில்லை.
மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவே
ஒன்பதுக்குப் பத்தடியில் ஓர் அறை,
எண்பத்து நாலாயிரம் டாலர்.
வங்கிப் பெண், எங்களில் பாதி வயசு,
திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.
இருபத்தைந்து வருடத் தவணை.
கிலேன் அதைத் தன் வயதோடு கூட்டினான்.
உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"அந்த அறையில் என்ன வைப்போம்?"
"மடக்குக் கட்டில். உன் தங்கை வந்தால்."
தங்கை கடைசியாக வந்தது ஐந்து வருடம் முன்பு,
அன்றும் ஹோட்டலில்தான் தங்கினாள்.
"சரி, என் சைக்கிள்."
அக்கார்டியன் என்று அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

வரைபடத்தில் எல்லாம் தாராளம்.
கட்டிலை நகத்தளவு வரைந்தால்
யாருக்குத்தான் இடம் போதாது?

ஞாயிறு, மைனஸ் பதினான்கு.
லாஃபோந்தேன் பூங்காவில் யாரும் மிதிக்காத பனி.
அவன் அளவு நாடாவின் நுனியைப் பிடிக்க
நான் பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்துச் சுவர் போட்டேன்.
வாசலுக்கு இடம் விட்டு,
ஜன்னலுக்கு ஒரு கீறல் கீறி,
கணுக்கால் ஆழத்தில் எழும்பியது மூன்றரை.

சமையலறையில் இருவர் நின்றால்
ஒருவர் ஃபிரிட்ஜுக்குள் நிற்கவேண்டும்.
ஒரு நாய் படுக்கையறைச் சுவரைத் தாண்டி வந்து
மோந்து பார்த்தது,
பிடிக்காமல் போனது.
சிரித்தோம்.

எங்கே தொடங்கியதென்று தெரியவில்லை.
சோபாவில் என்று நினைக்கிறேன்.
அவனுடைய அந்தப் பழுப்புச் சோபா.
"அதற்கு இங்கே இடமில்லை" என்றேன்.
"எனக்கு என்று சொல்."
பனி சத்தத்தை விழுங்கும் என்பார்கள்,
அன்று விழுங்கவில்லை.
சறுக்குப் பலகை இழுத்துப்போன குழந்தை
நின்று பார்த்தது எங்களை.

கிலேன் விறுவிறுவென்று வெளியே போனான்,
சுவரை மிதித்துக்கொண்டு.

நான் கூடத்தில் நின்றேன்.
பன்னிரண்டுக்குப் பதினொன்று.
அவன் இல்லாமல் அது போதுமாக இருந்தது,
போதும் என்பதற்கும் கொஞ்சம் மேலாக.

மரத்தடியில் முதுகைக் காட்டி
நீளமாக மூக்கைச் சிந்தினான்.
எவ்வளவு நேரமென்று பார்க்கவில்லை,
என் கால்விரல்கள் மரத்துப்போகும்வரை.
திரும்பி வந்தவன்
தான் உடைத்த சுவர்வழியே வரவில்லை.
சுற்றிக்கொண்டு வந்து
நான் விட்டிருந்த வாசலில் நின்று
பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டினான்.
பனிக்குள் நுழையப் பனியைத் தட்டினான்.

"நாடாவை எடு" என்றேன்.

கிழக்குப் பக்கம் ஒன்பதுக்குப் பத்து.
நாலாவது சுவரும் முடிந்தபின்
உள்ளே போக இருவருக்கும் கூச்சம்.
அவன்தான் முதலில் போனான்.
"எப்படி இருக்கிறது?"
"குளிர்கிறது.
நீ அங்கே மூச்சு விடுவது கேட்கிறது."

மார்ச்சில் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டோம்,
இருவர் பேனாவும் எழுதவில்லை, அவர் பேனாவில்.
கடைசித் தவணையின்போது கிலேனுக்கு எழுபத்தேழு.
தங்கை தொலைபேசியில் கேட்டாள்,
பிள்ளையா குட்டியா, யாருக்கு அந்த அறை?
"முதலில் கோபப்படுகிறவருக்கு" என்றேன்.

சோபாவும் அங்கேதான் போகிறது.
அக்கார்டியனைப் பற்றி
இன்னும் பேசவில்லை.